இருநூற்றுப் பதின்மூன்றாவது இடம்

கை கழுவிவிட்டுத் திரும்பினால் வீட்டில் ஆளில்லை.

விரிப்பில் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஆட்டுக்கறி, பருப்பு, ரொட்டி. கை கழுவப் போகும்போது ஆறு தட்டுகள் இருந்தன. இப்போது ஒன்று.

ஜன்னல் வழியே பார்த்தார். அவரை விருந்துக்கு அழைத்திருந்த டிரைவர் ஹாத்திமின் மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பாதி காயாத துணி. அவசரமில்லாமல் மடித்தாள். அவர்களுடைய மூன்று பெண்களும் வயதுக்குத் தக்க மூட்டையோடு தெருவில் வரிசையாக நின்றார்கள்.

யாரும் அழவில்லை.

வாசலில் ஹாத்திம் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது?"

"சாப்பிடுங்க சார், ஆறிடும்." திருப்புளி நிற்கவில்லை. மூன்று வருடம் சென்னையில் பி.காம் படித்தவன், தமிழும் ராயப்பேட்டையில் கற்றது. "கதவு நல்ல மரம் சார். மாமனார் குடுத்தது. அதை ஏன் விட்டுட்டுப் போவணும்?"

அப்போதுதான் ஜன்னல் விளிம்பில் அதைப் பார்த்தார்.

அவருடைய கருவி. பச்சை விளக்கு எரிந்தது.

ஆயுதம் தேடி வந்த சர்வதேசக் குழுவில் அவர் வேதியியலாளர். சோதனைக்கு எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதல் வேலை கருவியை ஜன்னலில் வைப்பது. நான்கு நிமிடத்தில் அது செயற்கைக்கோளைப் பிடித்து இடத்தைக் குறித்துக்கொள்ளும். மற்றவர்கள் வாசலில் செருப்பை விடுவதுபோல அவருக்கு அது. விருந்துக்கு வந்த வீட்டிலும் கை தானாகச் செய்துவிட்டது.

இடம் 213. பதிவானது.

நான்கு மாதத்தில் அதற்கு முன் இருநூற்றுப் பன்னிரண்டு. சோப்புக் கம்பெனி, ஐஸ் கம்பெனி, ஒரு கோழிப்பண்ணை. பண்ணையில் கோழிகள் இருந்தன. குழு மூன்று நாள் கூடி விவாதித்து, அவை கோழிகளே என்ற முடிவுக்கு வந்தது.

எல்லா இடத்துக்கும் ஒரே அறிக்கை: "இதுவரை எதுவும் கிடைக்கவில்லை." எதுவும் இல்லை என்று எழுதப் படிவத்தில் கட்டமில்லை. குழுத் தலைவருக்கு 'இதுவரை' என்ற சொல்லின் மேல் அப்படியொரு பிரியம்.

பதிவான பத்தாம் நாள் ஐஸ் கம்பெனி தரைமட்டமானது. பிறகு சோப்பு. பிறகு கோழிகள்.

போர் இன்னும் அறிவிக்கப்படவில்லை. அது விமானங்களுக்குத் தெரியவில்லை.

தற்செயல் என்றார் தலைவர். மூன்று முறையும் நிருபர்களைக் கூட்டி, மூன்று முறையும் அதே டையோடு. வேதியியலாளரும் நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது. கருவியோடு கடைத்தெருவில் நடந்தால் கூட்டம் விலகி வழிவிட்டது.

மரியாதை என்று நினைத்திருந்தார்.

"அழிச்சிடறேன், ஹாத்திம்."

"அழிக்க முடியாதே சார். போன வாரம் நீங்கதான சொன்னீங்க, அதான் உங்க மிஷினுக்குப் பெருமைன்னு."

அழிக்க முடியாதுதான். மாற்றலாம். வேறோர் இடத்தில் நின்று, 'முந்தைய பதிவு பிழை' என்று அழுத்தி, நான்கு நிமிடம் காத்தால் 213 அங்கே போய்விடும். இந்த வீடு தப்பிக்கும். ஆனால் ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும். ஆறு மணிக்குப் பட்டியல் தானாகத் தலைமையகம் போகும். அங்கிருந்து எங்கே போகிறது என்று அவர் கேட்டதில்லை.

"கதவை மாட்டு," என்றார். சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை அவரே எடுத்தார்.

ஆளில்லாத இடம் ஒன்று போதும்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெண் காய்ந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வெளியே பொட்டல். ஆடுகள். ஆடுகளுக்கு நடுவே ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

கைவிட்ட கல்குவாரிக்குள் கூடாரங்கள் இருந்தன. சோப்புக் கம்பெனித் தெருக்காரர்கள். வண்டியை அடையாளம் கண்டதும் அடுப்புகளை அணைத்தார்கள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. யாரோ ஒரு கூடாரத்தின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

அவர் கருவியை வெளியே எடுக்கவே இல்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் தேடி ஆயுதமே கிடைக்கவில்லை. ஒரு பிற்பகல் முழுக்கத் தேடியும் ஆளில்லாத இடம் கிடைக்கவில்லை.

ஐந்து நாற்பதுக்கு ஹோட்டலுக்கு வந்தார். குழு தங்கும் ஹோட்டல். அந்த ஊரில் அவர் குறிக்காமல் விட்ட பெரிய கட்டடம் அது ஒன்றுதான்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நிபுணர் ஒருவர், போர் மூன்றே வாரத்தில் முடியும், இழப்பு தாங்கக்கூடியதே என்று விளக்கிக்கொண்டிருந்தார். யார் தாங்குவார்கள் என்பது அவருடைய துறை இல்லை போலிருக்கிறது. எதிரே சோபாவில் காலணியைத் தளர்த்திவிட்டு, குழுத் தலைவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வேதியியலாளர் கருவியை வரவேற்பு மேசையில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். 'முந்தைய பதிவு பிழை' என்று அழுத்தினார். மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் கருவியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். உள்ளே போய் ஏதோ சொன்னார்.

சமையற்காரர்கள். பெருக்கும் பெண்கள். லிப்ட்காரர், ஸ்டூலைக் கையோடு எடுத்துக்கொண்டு. ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியே போனார்கள். யாரும் ஓடவில்லை. கடைசியாகப் போனவர் சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

நான்கு நிமிடம்.

பச்சை.

"காபி சொல்லி எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார் தலைவர்.

பதில் வராததால் திரும்பினார். காலிக் கூடம். மேசை. மேசைமேல் பச்சை விளக்கு.

 

தலைவர் குனிந்து காலணியின் நாடாவைக் கட்டினார். ஒரு காலுக்கு. பிறகு மறு காலுக்கு. எழுந்து, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நேராகப் பின்வாசலைப் பார்த்து நடந்தார்.

இத்தனை நாளில் அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று தலைவர் யாரையும் கேட்டதில்லை.