ஒரு சாட்சி போதும்

"மாதையன் கிறிஸ்தவ வேதத்துக்குப் போயிட்டானுங்க!"

மாரியம்மன் கோயில் முன்னால் கூடியிருந்த ஊர்க்கூட்டத்தில், எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்தான் மாதையனின் பங்காளி ஜெயபிரகாஷ்.

"ஞாயித்துக்கிழமையானா மஞ்சக்குட்டையில ஜீப் ஏறி ஏற்காடு போறான். சர்ச்சு காம்பவுண்டுக்குள்ள நுழையறான். பொழுது சாஞ்சுதான் வெளிய வர்றான். என் ரெண்டு கண்ணால பாத்தனுங்க."

மாதையன் கைகட்டி நின்றார். அவர் மனைவி கலா பெண்கள் பக்கம் நின்றாள். மகள் கவிதாவுக்குப் பக்கத்து ஊரான தலைச்சோலையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ஊர் ஒதுக்கி வைத்துவிட்டால் அந்தக் கல்யாணம் அவ்வளவுதான்.

"நீ என்ன சொல்றே, மாதையா?" என்றார் ஊர்க்கவுண்டர் ஜீவானந்தம்.

"சர்ச்சுக்குப் போகலைங்க. அங்க ஒரு ஹாலு இருக்குதுங்க. குடியை விட்டவங்க, விடோணும்னு நெனைக்கிறவங்க எல்லாம் வாரா வாரம் கூடிப் பேசறோமுங்க. சர்ச்சுல எடம் மட்டுந்தான் குடுத்திருக்கறாங்க. வேதமெல்லாம் யாரும் பேசறதில்லைங்க."

கூட்டம் சிரித்தது.

"பேசினா குடி போயிருமா?" என்றான் ஜெயபிரகாஷ். "சேர்வராயன் சாமி மேல எத்தனை தடவை சத்தியம் பண்ணியிருப்பான்! அப்பல்லாம் விடாதவன் இப்ப எப்படி விட்டான்? வேதத்துக்குப் போனதாலதான விட்டான்?"

நியாயந்தானே என்று தலைகள் ஆடின. மனுஷன் குடித்துக் கிடந்தபோது ஒருநாளும் கூட்டம் போடாத ஊர், விட்டதும் போட்டுவிட்டது.

வயதான ஒருவர் சமாதானமாகப் பேசினார். "செரி மாதையா, உங்கூட அங்க வர்ற ஆளு ஒருத்தர் பேரச் சொல்லு. கூப்பிட்டுக் கேட்டுக்கறோம். ஒரு சாட்சி போதும்."

மாதையன் தலை குனிந்தார்.

"அது மட்டும் முடியாதுங்க. அங்க வர்றவங்க பேர வெளிய சொல்லக் கூடாதுங்க. அங்க அதுதான் மொதக் கட்டுப்பாடு."

"ஆளே இல்ல. அப்புறம் பேரு எங்கிருந்து வரும்?" என்று யாரோ கத்தினார்கள்.

"பெத்த புள்ள கண்ணாலத்தையாவது நெனைச்சுப் பாருய்யா!"

மாதையனின் கண் கலங்கியது.

எல்லோரும் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார்கள். தோள் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவர், தரையைப் பார்த்தபடியே தீர்ப்பைச் சொன்னார்.

"இனி அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது. வெச்சா, ஒருத்தரும் உன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டோம். கண்ணாலத்துக்கும் வரமாட்டோம்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கலா வெடித்தாள்.

"ஏனுங்க, ஒரே ஒரு ஆளு பேரச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமில்லீங்களா? நம்ம புள்ளையவிட யாரோ ஒருத்தரு உங்களுக்குப் பெருசாப் போயிட்டாங்களா?"

"சொல்லியிருக்கலாம் கலா. சொன்னா அந்தாளு வெக்கப்பட்டுக்கிட்டு அந்தப் பக்கமே வரமாட்டாரு. வராட்டி மறுபடியும் குடிப்பாரு. குடிச்சா ஊட்டுல என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதா?"

கலாவுக்குத் தெரியும். அவள் கை தானாக நெற்றியிலிருந்த தழும்பைத் தடவியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜீப் வரும் நேரமாகியும் மாதையன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கலா துவைத்து வைத்திருந்த சட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"கெளம்புங்க."

"கவிதா கண்ணாலம்..."

"நின்னா நிக்கட்டும். குடிகாரன் பொண்டாட்டின்னு நான் பட்டது போதும். குடிகாரன் பொண்ணுன்னு அவ பட்டதும் போதும். நீங்க போயிட்டு வாங்க."

அவளுக்கும் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு ஜீப் நிற்கும் இடம்வரை கூடவே நடந்து போனாள்.

ஹாலில் வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். மாதையனின் முறை வந்தது. நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட வேண்டும் என்றுதான் எழுந்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மனசு வரவில்லை.

"எம் பேரு மாதையன். நான் ஒரு குடிநோயாளி. இந்த வாரம் குடிக்கலைங்க."

அதோடு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது பக்கத்து நாற்காலிக்காரர். முகம் தெரியாமல் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு எழுந்தார்.

"எம் பேரு ஜீவானந்தம். நானும் குடிநோயாளிதானுங்க" என்றார் ஊர்க்கவுண்டர். "இந்த வாரம் நானும் குடிக்கலைங்க. ஆனா, குடிச்சிருந்தாக்கூட இந்த மாதையனுக்கு நான் சொன்ன மாதிரியொரு தீர்ப்பச் சொல்லியிருக்க மாட்டனுங்க."