முப்பத்திரண்டு அடி

அணைக்குள் இறங்கும் படிகளில், தண்ணீருக்கு மேல் தெரிந்த கடைசிப் படியில் அவன் குந்தியிருந்தான். அளவுக்கல்லில் தண்ணீர் முப்பத்திரண்டரை அடியில் நின்றது.

காலை எட்டு மணி. மட்டம் சொல்லும் நேரம்.

முப்பத்திரண்டு வரை மின்சாரத்துக்கு. அதற்குக் கீழே குடிதண்ணீருக்கு. அந்த எண்ணைத் தொட்டதும் டர்பைனை நிறுத்திவிட வேண்டும். தொட அரை அடி பாக்கி. மின்நிலையத்துக்கு அது இரண்டு நாள் ஓட்டம். அவன் ஊருக்கு இரண்டு மாதக் குடிநீர்.

கார்த்திகையில் ஐந்து மாத மழை மூன்றே நாளில் கொட்டியது. அணை தாங்காது என்று எல்லா மதகுகளையும் திறந்தார்கள். கீழே இருபது வீடுகளை இழுத்துக்கொண்டு தண்ணீர் கடலுக்குப் போனது.

அதற்குப் பிறகு ஒரு தூறல் இல்லை. சித்திரை முடியப்போகிறது.

மின்நிலையத்து இன்ஜினியர் ஜெபராஜ் போனை எடுத்தார்.

“மட்டம் சொல்லும்வே.”

“முப்பத்திரெண்டு, சார்.”

“நேத்து முப்பத்திரெண்டே முக்கால்னீரு. மிச்சத்த வாய் கொப்புளிச்சீரோ?”

“நேத்து காத்து, சார். அலையில அளவு தப்பிப்போச்சு.”

அணையில் மட்டம் பார்க்கும் பத்து வருட வேலையில் அவன் சொன்ன முதல் பொய்.

எட்டரைக்கு டர்பைன் நின்றது. மலை அமைதியானது.

கரண்ட் குறைந்தால் எங்கோ பட்டணத்தில் ஏசி நிற்கும். நிற்கட்டும். அப்படித்தான் நினைத்தான்.

மின்வெட்டுப் பட்டியல் லைனின் கடைசியிலிருக்கும் அவன் ஊரிலிருந்து தொடங்கும் என்பது அவனுக்குத் தெரியாது.

ஆறாம் நாள் ஊரிலிருந்து மனைவி முப்பிடாதி கூப்பிட்டாள்.

“வெட்டு போக மிச்ச நேரம் கரண்டு வருதுன்னு பேரு. பல்பு மஞ்சளா முழிக்கு. மோட்டார் உறுமுதே ஒழிய தண்ணிய எடுக்க மாட்டேங்கு. குழாயத் தொறந்தா காத்துதான் வருது.”

ஊருக்கு அணைத்தண்ணீரை ஏற்றும் மோட்டார் அறை அவன் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்தே தெரியும். அதன் காலடியில்தான் தண்ணீர்.

பொய்யைத் திரும்ப எடுக்க வழி தேடினான். மட்டத்தை இறக்க ஒரு வாய் போதும். ஏற்ற மழை வேண்டும். காற்றை ஒருமுறைதான் சாட்சிக்குக் கூப்பிடலாம்.

தினமும் எட்டு மணிக்கு வாசலில் நின்றபடியே சொன்னான்.

“அதேதான், சார்.”

படியிறங்கவில்லை. தெரிந்த எண்ணைச் சொல்ல எதற்கு இறங்குவது? அந்தக் கல்லைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“நீரென்ன, அணைக்கு மூடி போட்டு வச்சிருக்கீரா?” என்றார் ஜெபராஜ்.

பதினைந்தாம் நாள் முப்பிடாதி மறுபடி கூப்பிட்டாள். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்காம். கிணற்றடிச் சேற்றை வடிகட்டிக் குடிக்கிறார்களாம்.

“தண்ணிய வச்சு என்ன பூசையா பண்ணப்போறாவ? உள்ளதத் தொறந்துவிட்டு ரெண்டு நாளு கரண்டு குடுக்கச் சொல்லுங்க. தொட்டிய நெறச்சுக்கிடுவோம்.”



மறுநாள் ஏழரைக்கே சட்டையை மாட்டினான். பொய் சொன்னேன் என்று சொல்லிவிடுவது. இன்னும் அரை அடி இருக்கிறது, டர்பைனை ஓட்டுங்கள். வேலை போனால் போகட்டும்.

படியிறங்கினான்.

முன்பு குந்தியிருந்த படி வறண்டு கிடந்தது. அதற்கும் கீழே இன்னொரு படி, அவன் அதுவரை பார்த்திராதது.

இறங்கிக் கல்லருகே குனிந்தான். முப்பத்திரண்டரையில் பாசி காய்ந்து செதில் செதிலாக உரிந்திருந்தது. கட்டைவிரலால் எண்களைத் துடைத்தான். இரண்டாம் முறையும் துடைத்தான். தண்ணீர் முப்பத்திரண்டில் நின்றது; அரை அடியைப் பதினாறு நாள் வெயில் குடித்திருந்தது.

போன் அடித்தது.

“என்னவே, நேரமாச்சே. மட்டம்?”

வாயைத் திறந்தான். வெயில் அதற்குள் ஏறிவிட்டிருந்தது.

“முப்பத்திரெண்டு, சார்.”

“அதேதானா?”

“அதேதான்.”