மஞ்சள் பூசின எல்லைக்கல்

கல் நிற்க வேண்டிய இடம் இது இல்லை என்றார் சர்வேயர். நாலடி தள்ளி, பக்கத்து நிலத்து நாச்சிமுத்து மாமாவின் தென்னங்கன்றுகளுக்கு நடுவே நிற்க வேண்டுமாம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

வரப்பை ஒட்டித் தென்னை வைக்காதீர்கள், நாளைக்கு நிழல் விழுந்தால் என் மல்லி பூக்காது என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். பூவைப் பறித்துத் திண்டுக்கல் மார்க்கெட்டில் போட்டால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். மாமா காதிலேயே வாங்கவில்லை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ரகம். உழும்போதெல்லாம் அவருடைய டிராக்டர் எல்லைக்கல்லை என் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தது.

நான் மட்டும் லேசுப்பட்டவளா?

போன ஆடி வெள்ளியன்று அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டேன். கன்னிமார் கனவில் வந்து இந்த இடத்தைக் கேட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். கனவுமில்லை, கன்னிமாருமில்லை. ஆனால் அதோடு டிராக்டர் கல் பக்கம் வரவில்லை.

கல்லைப் பிடுங்கச் சொல்லி சர்வேயர் ஆட்களை ஏவினார். மஞ்சளைப் பார்த்ததும் இருவரும் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். சாமிக்கல்லில் கைவைக்க மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது. அதற்காக நாலடியை விட்டுவிடுவேனா?

“நான் வச்ச சாமிதானே. நான் கூப்பிட்டா வரும்” என்று கடப்பாரையை எடுத்தேன்.

மாமா செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து, கல்லுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அடேயப்பா, என்ன நடிப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்திரிங்க மாமா, மேலே பட்டுவிடும் என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை.

“நாலடியையும் நீயே எடுத்துக்க தாயி. தென்னங்கன்னையும் பிடுங்கிப் போட்டுர்றேன். சாமிய மட்டும் அசைச்சிராத.”

அவருக்குப் பின்னால் அவர் மருமகள் பவித்ரா நின்றிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம். மதுரை வரைக்கும் போய்ப் பார்க்காத டாக்டர் இல்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதில் அவள் முகத்தைப் பார்த்தே மாசக்கணக்காகிறது.

வயிறு மேடிட்டிருந்தது.

நான் மார்க்கெட்டுக்குப் போகும் நேரமாகப் பார்த்து, வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து இந்தக் கல்லுக்கு விளக்கேற்றியிருக்கிறாள் என்று மாமா சொல்லித்தான் தெரிந்தது. இப்போது வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, என்னையும் கடப்பாரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அது வெறும் மஞ்சள்தான்டி என்று சொல்ல வாய்வரை வந்தது.

கடப்பாரையைக் கீழே வைத்தேன். புதுக்கல் ஒன்றைக் கொண்டுவந்து நடச் சொன்னேன். நாலடியில் ஒரு விரற்கடைகூட விட்டுக்கொடுக்கவில்லை. தென்னங்கன்றுகளையும் கூடவே நின்று எடுக்க வைத்தேன்.

பழைய கல் என் நிலத்துக்குள், மல்லிக்கு நடுவே நின்றுவிட்டது.

எல்லோரும் போனபின் மண்வெட்டியை எடுத்து, கல்லுக்கு முன்னாலிருந்த மல்லிச்செடிகள் இரண்டைப் பெயர்த்தேன். நன்றாகப் பூக்கிற செடிகள்தான். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை உள்ளே வர வழி வேண்டுமே.