ஏசி கேட்ட துணைக்கேள்வி

எங்கள் வீட்டில் ஏசி போட இப்போதெல்லாம் ரிமோட் மட்டும் போதாது; ஏசியே கேட்கும் உலக அறக் கேள்விக்குச் சரியான பதிலும் சொல்ல வேண்டும். இதற்காகவே நான் தத்துவம் படித்தேன். குளிர்காற்றுக்காக மனிதகுலத்தை இவ்வளவு நேசித்தவன் வேறு யாரும் இருக்க முடியாது.

நேற்று மத்தியானம் ஏசி கேட்டது: "எங்கோ தொலைவில் ஒருவர் வெயிலில் வாடுகிறார். தொலைவில் இருப்பதால் அவர் வேதனை சிறியதா?"

"இல்லவே இல்லை," என்றேன், குரல் தழுதழுக்க. "வேதனைக்குத் தூரம் ஏது?"

முழு மதிப்பெண் கொடுத்து ஓடத் தொடங்கியது. குளிர் வெளியே போகாதபடி அறைக் கதவைச் சாத்தி, அடியிடுக்கில் துண்டைச் செருகினேன்.

சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த என் மனைவி தமயந்தி கத்தினாள்: "பாஸாயிட்டீங்களா? அப்ப கதவைக் கொஞ்சம் திறந்து வைங்களேன். இங்க வெந்து சாகுறேன்!"

"குளிரெல்லாம் வீணாப் போயிடும்மா!"

ஏசி சட்டென்று நின்றது.

"துணைக்கேள்வி," என்றது. "சமையலறை எவ்வளவு தூரம்?"

சிலபஸில் இல்லாததைக் கேட்கக் கூடாது என்று இன்னமும் அதனுடன் வாதாடிக்கொண்டிருக்கிறேன், வேர்க்க விறுவிறுக்க, கதவைத் திறக்காமல்.