துறையூர் பஸ்

என் கம்ப்யூட்டர் லேபில் அட்டெண்டன்ஸ் நோட்டு கிடையாது. மாணவர்கள் கருப்புத் திரையில் 'கர்ல்' கமாண்ட் அடித்து, கூடவே பெயரையும் சர்வருக்கு அனுப்ப வேண்டும். 'வந்தாச்சு' என்று பதில் வரும்; என் திரையிலும் தெரியும். ஒன்பதேகால் தாண்டினால் 'ஆப்சென்ட்'. முதல் பாடமே அதுதான்.

ஜூட் தினமும் லேட். "துறையூர் பஸ் மேடம்" என்று அசடு வழிய நிற்பான். பஸ்ஸுக்கு நானா பொறுப்பு? போன மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில், பஸ் நிற்பதற்குள் குதித்து ஓடி அடிபட்டுச் செத்தான்.

இன்று ஒன்பது பதினாலுக்கு என் திரையில் வந்தது: 'ஜூட், வந்தாச்சு.'

"செத்தவனுக்கு எவன்டா ப்ராக்ஸி போடுறது? எல்லாரும் கீபோர்டுல இருந்து கையைத் தூக்குங்க!"

இருபத்திரண்டு பேரும் தூக்கினார்கள். பேட்ரிசியா அழுதாள். "நாங்க இல்ல மேடம்."

அழுகை வேறயா! சர்வரின் நெட் வயரைப் பிடுங்கினேன். பவர் வயரையும் பிடுங்கினேன்.

"இப்ப எப்படி பதில் வருதுன்னு பார்க்கிறேன்" என்று கத்திக்கொண்டே, என் கம்ப்யூட்டரில் என் பெயரை அடித்து அனுப்பினேன்.

'மகாலட்சுமி, ஆப்சென்ட்.'

மணி ஒன்பது பதினாறு. பிடுங்கிய வயர் இரண்டும் என் மடியில் கிடந்தன.