ஒரே ஒரு சுற்று

“இன்னொரு சுத்து பாத்துட்டுப் போறோமே மேடம். குழந்தை ஆசைப்படுது,” என்றாள் ஷானா.

“ஒரே சுத்துதான். பேசி வச்சது அதுதானே?” என்றாள் ஐரீன், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

கேட்டுக்கொண்டிருந்த வெர்னனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓஹையோவின் அந்தத் தாவரவியல் பூங்காவில் கிறிஸ்துமஸ் மாதம் முழுக்கப் பொம்மை ரயில் ஓட்டுபவர் அவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆசைக்காகச் செய்கிற வேலை.

பூங்காவை மூடும் முன் கண்ணாடிக் கூடத்து விளக்குகளைக் குறைத்து, சிவப்பு ரயிலை மட்டும் ஒரு சுற்று விடுவார்கள். செடிகளுக்கு நடுவே, மரப்பட்டையில் செய்த குட்டி வீடுகளைத் தாண்டி அது போகும். குடும்பங்கள் கூடவே நடக்கும். அது திரும்பி வந்து மணி அடித்தால் எல்லோரும் கிளம்ப வேண்டியதுதான்.

“யாரும்மா அந்த மேடம்?” என்று ஷானாவிடம் மெல்லக் கேட்டார்.

“குழந்தைகள் நல ஆபீஸ் சார். நான் போதை மாத்திரைப் பழக்கத்துல கிடந்தவ. இப்போ விட்டாச்சு. ஆனா கோர்ட்டு முடிவு பண்ணிடுச்சு. பிரின்லி இனிமே வேற வீட்டுப் பொண்ணு. நான் பாக்கக் கூடாது. இன்னிக்குத்தான் கடைசி.”

“ரயில் நின்னதும்?”

“கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

வெர்னன் நேராக ஐரீனிடம் போனார்.

“கொஞ்சம் மெதுவா ஓட்டட்டுமா மேடம்? யாருக்கும் தெரியாது.”

“வேண்டாம். எப்பவும் ஓட்டுற மாதிரியே ஓட்டுங்க. நேரம் ஏன் கூடுச்சுன்னு மேலதிகாரிங்க கேட்டா, நான் சொல்லித்தான் மெதுவா ஓட்டினேன்னு நீங்க சொல்ல வேண்டி வரும்.”

‘இதெல்லாம் ஒரு பொம்பளை’ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வெர்னன் விசையைத் தட்டினார்.

ரயில் கிளம்பியது. பிரின்லி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். ஐரீன் இருவரையும் தாண்டி, வாசல் பக்கமாக விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். போகிற அவசரத்தைப் பாரு என்று நினைத்துக்கொண்டார் வெர்னன்.

வாசல் பக்கம் இருந்த மரக்கட்டைக் குகைக்குள் போன ரயில் வெளியே வரவில்லை. தடால் என்று சத்தம் மட்டும் வந்தது.

வெர்னன் மண்டியிட்டு உள்ளே கையை விட்டார். இன்ஜின் கவிழ்ந்து கிடந்தது. சக்கரத்தில் ஒரு பைன் மரக் காய் சிக்கியிருந்தது. மேலெல்லாம் பீனட் பட்டரும் தானியமும். பறவைகளுக்குத் தொங்கவிடுவதற்காகப் பிள்ளைகளோடு பெற்றவர்கள் கூடத்து மேஜையில் செய்கிற தீனி. ஷானாவும் பிரின்லியும் சற்று முன் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏம்மா, இது உன் வேலைதானே?”

“நான் வைக்கல சார்.”

“பெத்த பொண்ணு முன்னாடியே பொய்யா? உன்மேல பரிதாபப்பட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

ஷானா பாதையிலேயே உட்கார்ந்து பிரின்லியை மடியில் இழுத்துக்கொண்டாள். கலைந்திருந்த முடியை வகிடெடுத்து இரட்டைச் சடை பின்ன ஆரம்பித்தாள்.

“இறுக்காத அம்மா.”

“சரி செல்லம்.”

“நாளைக்கு யார் பின்னி விடுவா?”

“அவங்களுக்கும் பின்னத் தெரியும்டா.”

வெர்னன் இன்ஜினை மடியில் வைத்துக்கொண்டார். தாய் எப்படியோ போகட்டும், இந்தக் குழந்தை ரயில் முழுசாக ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அறுந்த ஒயரைப் பல்லால் சீவி முறுக்கினார்.

ஐரீன் வந்து தலைக்கு மேல் நின்றாள்.

“ரொம்ப நேரம் ஆகுமா?”

“ஏன், உங்களுக்கு அவசரமோ?”

“அவசரம் இல்ல. நிதானமாவே செய்யுங்க.”

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் வெர்னனுக்குப் பட்டது. என்னை யாரென்று நினைத்தாய் என்கிற வீம்போடு இன்னும் வேகமாகக் கையை ஓட்டினார். இப்படி ஒரு ரிப்பேரை இத்தனை சீக்கிரம் அவர் ஒருநாளும் முடித்ததில்லை.

“சரியாயிடுச்சு,” என்றார் பெருமையாக.

ரயில் நகர்ந்தது. ஒரு சடை முடிந்து, இன்னொன்று பாதியில் இருந்தது. ஷானா பின்னிக்கொண்டே கூட நடந்தாள். மணி அடித்தது.

ஐரீன் பிரின்லியின் கையைப் பிடித்தாள். ஷானா முடியை விட்டாள். குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனாள். ஒரு பக்கம் சடை, இன்னொரு பக்கம் விரிந்த முடி. ஷானா அழக்கூட இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேறு வழியாகப் போய்விட்டாள்.

குழந்தையைப் புதிய பெற்றோரின் காரில் ஏற்றிவிட்டு, கைப்பையை எடுக்க ஐரீன் மட்டும் திரும்பி வந்தாள்.

“மேடம், ஒரு விஷயம் உங்க காதுல போட்டுடறேன்,” என்றார் வெர்னன். “தண்டவாளத்துல காயை வச்சது அந்தப் பொண்ணுதான். முகத்துக்கு நேரா நாலு வார்த்தை கேட்டுட்டேன்.”

“அவளையா கேட்டீங்க?” ஐரீன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அவ இல்ல சார். வச்சது நான்.”

“நீங்களா?”

“நேரத்தை நான் கூட்டிக் குடுக்க முடியாது. ரயில் கவுந்தா யாரும் கேக்க மாட்டாங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சரி பண்ண ரொம்ப நேரம் ஆகும்னு நெனச்சேன். நீங்க இவ்வளவு கெட்டிக்காரரா இருப்பீங்கன்னு எனக்குத் தெரியல சார்.”