ஓரச் சிப்பாய்

நகர்த்திய காயைத் திரும்ப எடுப்பதில் வந்த சண்டைகளை ஒழிக்கத்தான் சவரிமுத்து அந்தப் பேசும் மின்னணுச் சதுரங்கப் பலகையை வாங்கினார். அவரும் நண்பர் மைதீனும் ஆடிய பழைய ஆட்டங்களையெல்லாம் அறிந்த பலகை, தொடக்கத்தைப் பார்த்ததுமே யார் ஜெயிப்பார் என்று சொல்லிவிடும். ஒருநாளும் தப்பியதில்லை. முன்பெல்லாம் ஞாயிறு மாலை முழுக்க உட்கார்ந்திருந்த மைதீன், இப்போதெல்லாம் காபி ஆறுவதற்குள் எழுந்துவிடுகிறார்.

இன்று பலகையைக் குழப்ப, தன் ஆயுளில் ஆடாத தொடக்கமாகச் சவரிமுத்து ஓரச் சிப்பாயை நகர்த்தினார்.

"என்ன மாப்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா?" மைதீன் சிரித்தபடி நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். அவர் பதிலுக்கு ஒரு காயை நகர்த்தியதுமே, "வெற்றி மைதீனுக்கு" என்றது பலகை.

மைதீன் எழுந்து செருப்பைத் தேடினார்.

"ஆடித்தான் பாப்போமே, மாப்ள" என்றார் சவரிமுத்து.

"எதுக்கு? அதான் தெரிஞ்சுபோச்சே."

சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ என்று சொல்லச் சவரிமுத்துவுக்கு வாய் வரவில்லை. இருபது வருடத்தில் அப்படிச் சொல்லவேண்டி வந்ததே இல்லை.